நிறுத்தியாச்சு, டாக்டர்

பேதி மருந்து கலந்த ஜக்கில் இன்னும் பாதிக்கு மேல் இருந்தது. மரகதம் டம்ளரை வாய்வரை கொண்டுபோவதும் இறக்குவதுமாக இருந்தாள். உப்பு, எலுமிச்சை, அதற்கு அடியில் சோப்பு நுரையை நக்கிவிட்டது போல ஒரு வழவழப்பு. சாயங்காலத்துக்குள் அத்தனையும் உள்ளே போய் அத்தனையும் வெளியே வந்துவிட வேண்டும், குடல் கழுவிக் கவிழ்த்த சட்டி மாதிரி இருக்க வேண்டும் என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். நாளைக் காலையில் டாக்டர் புதிதாக வழி உண்டாக்கப் போகிற இடத்துக்கும் மலக்குடலுக்கும் நடுவே இருப்பது மெல்லிசான ஒரு சுவர்தானாம். கை தவறினால் குடல் கிழியும், அப்போது உள்ளே ஒன்றும் இருக்கக் கூடாதாம். கை தவறினால் என்பதை எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்கள், டீ ஆறினால் என்கிற மாதிரி. அவள் கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் குடித்தாள். நாளைக் காலையில். இந்த நாளைக் காலைக்காக எத்தனை தடவை திருப்பூரிலிருந்து பஸ் ஏறி வந்து இந்த ஆஸ்பத்திரியின் ஓ.பி. வரிசையில் நின்றிருப்பாள், நின்று, அடுத்த மாதம் வாங்க என்று கேட்டு, திரும்பிப் போய் மறுநாள் கம்பெனியில் செக்கிங் டேபிளில் பனியன்களைத் திருப்பித் திருப்பித் தையல் பார்த்திருப்பாள். ஆண் என்று பிறந்து முப்பத்து மூன்று வயது ஆகிவிட்டது, பெண் என்று தெரிந்தது எந்த வயதில் என்று அவளுக்கே தெரியாது, அவ்வளவு சீக்கிரம் தெரிந்திருந்தது. இப்போது அந்த நாளைக் காலை கைக்கெட்டும் தூரத்தில் வந்து நிற்கும்போது சந்தோஷம் என்று ஒன்று வர வேண்டுமே, வரவில்லை, நினைப்பு ஒரே இடத்தில் போய் மாட்டிக்கொண்டிருந்தது, முள்ளில் மாட்டிய துணி மாதிரி இழுக்க இழுக்கக் கிழிந்தது. சாயங்காலம் மயக்க டாக்டரம்மா வருவார். வந்து கேட்பார். பெண் ஹார்மோன் மாத்திரையை நிறுத்தி எத்தனை நாளாச்சு என்று கேட்பார். பெரிய டாக்டர் போன மாதமே சொல்லியிருந்தார், ஒரு மாதத்துக்கு முன்னாடியே நிறுத்திவிட வேண்டும், ஆபரேஷன் முடிந்து அஞ்சாறு நாள் அசையாமல் படுக்க வேண்டியிருக்கும், இந்த மாத்திரையோடு அப்படிப் படுத்தால் காலில் ரத்தம் உறையலாம், விளையாட்டில்லை என்று. மரகதம் தலையாட்டினாள். அட்மிஷன் போட்டபோது மறுபடி கேட்டார். நிறுத்தியாச்சு டாக்டர் என்றாள். இன்று காலையில்கூட, பல் தேய்க்கிற சாக்கில், குழாயடியில் நின்று ஒரு மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்து விழுங்கியிருந்தாள்.

வயிறு இரைந்தது. எழுந்து போக வேண்டும். கட்டிலுக்குக் கீழே பாயில் மதினி பவுன்தாய் முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கினாள், அண்ணன் பெண்டாட்டி, ஆண்டிபட்டியிலிருந்து தனியாக வந்தவள், பஸ் பிரயாணத்தில் வாந்தி எடுத்த களைப்பு இன்னும் தீரவில்லை. அவள் காலை மிதித்துவிடாமல் தாண்டி, வார்டின் கடைசியில் இருக்கிற கழிப்பறைக்கு நடந்தாள் மரகதம். பித்தப்பைக் கல்லுக்காகப் படுத்திருந்த பக்கத்துக் கட்டில் அம்மா, என்னத்தா மறுபடியுமா என்று கேட்டாள். ஆமா பெரியம்மா என்று சொல்லிவிட்டு வேகமாகப் போனாள். அந்த அம்மாவுக்கு விஷயம் தெரியுமா தெரியாதா, கர்ப்பப்பைக் கட்டி என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், அப்படியே இருக்கட்டும். உட்கார்ந்தபோது உடம்பிலிருந்து தண்ணீர்தான் போனது, அதோடு பலமும் போனது, சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள். வியர்த்தது. வியர்வையை முகர்ந்து பார்த்தாள். அது ஒரு வழக்கமாகிவிட்டது, முகர்ந்து பார்ப்பது. நிறுத்தாமலா இருந்தாள், நிறுத்தினாள். டாக்டர் சொன்ன அன்றைக்கே நிறுத்தினாள். ஒரு வாரம் வரை ஒன்றும் தெரியவில்லை, பிறகு திடீர் திடீரென்று உடம்பு அடுப்பாய்க் காய்ந்தது, செக்கிங் டேபிளில் நின்றுகொண்டே காரணமில்லாமல் அழுதாள், சூப்பர்வைசர் தலைவலியா என்று கேட்டுவிட்டுப் போனான். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். அப்புறம் ஒருநாள் சுடிதாரைக் கழற்றும்போது அக்குளில் அந்த வாடை. வருடக்கணக்காக இல்லாமல் போயிருந்த வாடை. அண்ணனின் சட்டையில் அடிக்கும், அப்பாவின் தலையணையில் அடிக்கும், அவளுடைய பதினாறு வயதில் அவளிடமிருந்தே கிளம்பி அவளைத் துரத்திய அதே வாடை. மூன்று தடவை குளித்தாள். மறுநாள் விடியலில் கண் விழித்தபோது இடுப்புக்குக் கீழே உடம்பு தன் பழைய வேலையைக் காட்டிக்கொண்டிருந்தது, யாரையும் கேட்காமல், எவனோ ஒருத்தன் பூட்டைத் திறந்து வீட்டுக்குள் வந்து, நான்தான் இங்கே குடியிருந்தவன் என்று காலை நீட்டி உட்கார்ந்தது போல. அறைக்கதவைச் சாத்தி, வாயில் துண்டை அடைத்துக்கொண்டு, அவள் போட்ட சத்தம் அவளுக்கே கேட்கவில்லை. அன்றைக்கு இரண்டு மாத்திரை சேர்த்துப் போட்டாள். வேறு என்ன செய்வாள். இந்த உடம்பைத் தாண்டிப் போவதற்காக இந்த உடம்பிடமே திரும்பிப் போ என்றால் யாரால் முடியும். டாக்டருக்கு அது ஒரு மாதம். அவருக்கு மாதம் என்பது காலண்டரில் இருக்கிறது.

யாரும் நிறுத்துவதில்லை என்று சொல்லியிருந்தாள் சுகந்தி. போன வருடத்துக்கு முந்தின வருடம் ஆபரேஷன் செய்துகொண்டவள், திருப்பூரில் இவளுக்கு இரண்டு தெரு தள்ளி இருப்பவள், இந்த விஷயத்தில் மரகதத்துக்குத் தெரிந்ததில் முக்கால்வாசி அவள் சொன்னது. நானும்தான் நிறுத்தல, எனக்கு என்ன ஆச்சு, கல்லு மாதிரித்தானே இருக்கேன், டாக்டருங்க பயமுறுத்துவாங்க, நீ பாட்டுக்கு நிறுத்தியாச்சுன்னு சொல்லிட்டுப் படு. மற்றதையெல்லாம் அவள் மறைக்காமல்தான் சொன்னாள். அந்த இடத்து முடியை முதலிலேயே வேரோடு கருக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் உள்ளே முளைக்கும். அதற்காக மரகதம் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை ஊசி முனையில் கரண்டு வாங்கிப் பல்லைக் கடித்தாள். முடிந்த பிறகு உள்ளே துணி அடைத்து வைத்திருப்பார்கள், மூத்திரத்துக்குக் குழாய், எழ முடியாது, அந்தத் துணியை எடுக்கிற நாளில் உன் உசிரே கூட உருவிக்கொண்டு வருவது மாதிரி இருக்கும். அதற்குப் பிறகு அச்சு, புது வழி மூடாமல் விரித்து வைக்கிற குச்சி. தினமும் அச்சை உள்ளே வைத்துப் படுத்திருக்க வேண்டும், காலை மத்தியானம் ராத்திரி, மாதக்கணக்கில், பிறகும் விட முடியாது, ஆயுசுக்கும்; விட்டால் மூடிக்கொள்ளும், ஏனென்றால் உடம்புக்கு அது புண், புண் ஆறத்தான் பார்க்கும். நீ வழி என்று நினைப்பதை உடம்பு காயம் என்று நினைக்கிறது, ரெண்டு பேருக்கும் தினமும் சண்டை, நீதான் ஜெயிக்கணும் என்று சுகந்தி சிரித்துக்கொண்டே சொன்னாள், சொல்லும்போது வலது கை அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தது. பெரிய டாக்டரும் நிறையச் சொன்னார். அவர் மெதுவாகப் பேசுகிறவர், காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். நாங்க எதையும் வெட்டி எறியறதில்லம்மா, இருக்கிறதையே வேற மாதிரி மடிச்சு வைக்கிறோம், தோல் உங்க தோல்தான், உணர்ச்சி உங்க உணர்ச்சிதான் என்றார். மரகதம் அந்த வார்த்தையை மட்டும் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாள், பல நாள் அதை வைத்தே தூங்கினாள். கேட்க வேண்டியது எவ்வளவோ இருந்தது. நான் அழுதால் பரவாயில்லையா, பிறகு பார்த்துப் பிடிக்காமல் போனால் என்ன செய்வது, வலியோடு எப்படிக் கம்பெனியில் நிற்பது, நிறுத்தினால் அவன் திரும்பி வந்துவிடுகிறானே டாக்டர் அதற்கு ஏதாவது உண்டா. எதையும் கேட்கவில்லை. ஏனென்றால் அதற்கு முன் மனநல டாக்டர் இரண்டு பேரைப் பார்த்துச் சான்று வாங்க வேண்டியிருந்தது, அங்கேதான் அவள் கற்றுக்கொண்டாள். பின்னால வருத்தப்படுவீங்களா என்று முதல் டாக்டர் கேட்டபோது கொஞ்சம் யோசித்தாள், யோசிக்கிற கேள்விதானே. யோசித்ததற்கு ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்று அனுப்பினார். அடுத்த தடவை யோசிக்கவில்லை. பயமா இருக்கா, இல்ல. சந்தேகம் உண்டா, இல்ல. தூக்கம் வருதா, நல்லா வருது. இங்கே பயம் என்று சொன்னால் சந்தேகம் என்று எடுத்துக்கொள்வார்கள், சந்தேகம் என்றால் கதவைச் சாத்திவிடுவார்கள். இல்ல இல்ல என்று சொல்லிச் சொல்லி நாக்கு அதற்குப் பழகிவிட்டது, அந்தப் பழக்கத்தில்தான் நிறுத்தியாச்சு டாக்டர் என்பதும் வந்தது, பொய் என்றுகூடத் தெரியாமல், இன்னொரு இல்ல மாதிரி.

திரும்பி வந்து கட்டிலில் சாய்ந்தாள். கெண்டைக்கால் இழுத்தது. இடது கால். உட்கார்ந்து உட்கார்ந்து மரத்துப்போயிருக்கும், தண்ணீர்ச் சத்து போனதால் இழுக்கும், சிஸ்டர்கூடச் சொன்னார். ஆனாலும் கை தன்னால் போய்க் கெண்டையை அமுக்கிப் பார்த்தது. சூடாக இருக்கிறதா. வலது காலோடு ஒத்துப் பார்த்தாள். வீங்கியிருக்கிறதா. அப்பாவுக்கு இடது கால்தான். லோடு ஏற்றும்போது லாரியிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்து, தேனியில் ஒரு ஆஸ்பத்திரியில் காலைத் தொங்கப்போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். எலும்பு கூடிக்கொண்டிருக்கிறது என்றார்கள். ஒருநாள் காலையில் எழுந்து சாய்ந்து உட்கார்ந்து, பவுனு ஒரு காப்பி வாங்கிட்டு வாத்தா, இன்னைக்கு நல்லா இருக்கு என்றாராம். பவுன்தாய் தூக்குச்சட்டியோடு போய்த் திரும்பியபோது அவர் வாயைத் திறந்து திறந்து காற்றைப் பிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தார், தரையில் போட்ட மீன் மாதிரி, கண் இவளையே பார்த்தது, கையை நீட்டினார், கையைப் பிடிப்பதற்குள் முடிந்துவிட்டது. காலில் உறைந்த ரத்தம் கிளம்பி நுரையீரலில் போய் அடைத்துக்கொண்டது என்று டாக்டர் சொன்னாராம், எலும்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லையாம், சில பேருக்கு அப்படி ஆகுமாம். இதெல்லாம் மரகதம் பார்த்ததில்லை. அவளுக்குச் சொல்லி அனுப்பவேயில்லை. இளைய மகன் வந்தால் மொட்டை போட வேண்டும், பிணத்தைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்க நீர்மாலைக்குப் போக வேண்டும், சேலையோடு வந்து நின்றால் ஊரில் என்ன சொல்வார்கள், எதற்கு என்று அண்ணன் முடிவு செய்துவிட்டான். காரியம் முடிந்த பிறகு போன் செய்தது மதினிதான். மரகதம் அழவில்லை, எப்படிப் போனார், எப்படிப் போனார் என்று அதையே கேட்டாள், மதினி அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள், காப்பி, தூக்குச்சட்டி, கை, கண். அப்போதிலிருந்து அது மரகதம் பார்த்த காட்சியாகவே ஆகிவிட்டது. சில நாள் கனவில் தூக்குச்சட்டி அவள் கையில் இருக்கும், சில நாள் கட்டிலில் படுத்திருப்பது அவளாக இருக்கும். இப்போது யோசித்தாள். அஞ்சாறு நாள் அசையாமல் படுத்த பிறகு ஒரு காலையில், மதினி நல்லா இருக்கு, ஒரு காப்பி வாங்கிட்டு வாங்க என்று சொல்வேன். மதினி போவாள். திரும்பி வருவாள். ச்சீ. சுகந்திக்கு ஒன்றும் ஆகவில்லையே. சுகந்திக்கு ஆகவில்லை. அப்பாவுக்கு ஆனதே. அப்பா மாத்திரை சாப்பிடவில்லையே, சாப்பிடாமலே ஆனதே. அவருடைய ரத்தம்தானே எனக்கும். எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டு வருகிறேன், பேரை, துணியை, குரலை, ரத்தத்தை மாற்ற முடியவில்லை.

பவுன்தாய் எழுந்து உட்கார்ந்து கொண்டையை முடிந்தாள். எத்தனை டம்ளர் போச்சு என்று ஜக்கைப் பார்த்தாள், திட்டப் போகிறாள் என்று மரகதம் நினைத்தாள், அவள் திட்டாமல் தானே ஊற்றி நீட்டினாள். கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த புதிதில் அவள் மரகதத்தைத் தம்பி என்று கூப்பிட்டாள், அப்போது மரகதம் பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்த கொழுந்தன். பிறகு ஒரு காலத்தில் அப்படிக் கூப்பிடுவது நின்றுபோனது. எல்லாரும் தூற்றிக்கொண்டிருந்த நாளில் அவள் தூற்றவும் இல்லை, கூப்பிடவும் இல்லை, போனில் பேசினால் இந்தா என்பாள், கேட்டியா என்பாள், பேருக்கும் உறவுக்கும் நடுவில் வழுக்கி வழுக்கிப் பல வருடம் பேசினாள். அது மரகதத்துக்கு ஏச்சைவிட அதிகமாக வலித்தது. கூட இருக்க சொந்தத்தில் ஒரு ஆள் கட்டாயம் வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது அம்மா இல்லை, அண்ணனைக் கேட்க முடியாது, வெட்கத்தை விட்டு மதினிக்குப் போன் செய்தாள். அண்ணன், போறதுன்னாப் போ, எனக்குத் தெரியாது என்றானாம். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு இவள் கிளம்பி வந்துவிட்டாள். அட்மிஷன் போடும் இடத்தில் நோயாளிக்கு நீங்க என்ன வேணும் என்று கேட்டார்கள். மரகதம் தரையைப் பார்த்தாள். நாத்தனா என்றாள் பவுன்தாய். என் வீட்டுக்காரரோட தங்கச்சி. அவ்வளவு வருடம் வழுக்கிய வாய் அந்த ஒரு சொல்லில் தடுக்கவேயில்லை, காய்கறிக்காரனிடம் விலை சொல்வது மாதிரி சொன்னாள். அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது மரகதத்துக்கு. அந்தச் சொல்லைக் கேட்டுவிட்டு, அதற்கு ஐந்து நிமிடம் கழித்து, அதே பவுன்தாயை நிறுத்தி வைத்துக்கொண்டுதான், டாக்டரிடம் நிறுத்தியாச்சு என்றும் சொன்னாள். டம்ளரைப் பிடித்திருந்த மதினியின் கையைப் பார்த்தாள். அப்பா கடைசியாக நீட்டிய கை இந்தக் கையைத் தேடித்தான் வந்திருக்கிறது. நாளைக்கு எனக்கு ஒன்று ஆனால் இவள்தான் இந்த வார்டில் தனியாக நிற்பாள். யாருக்குப் போன் செய்வாள். என்ன சொல்லுவாள். நீதானே கூட்டிட்டுப் போனே என்று அண்ணன் கேட்பான், ஊர் கேட்கும், அவர்களுக்கு நான் செத்தது பெரிசாக இருக்காது, இவள் போனதுதான் பெரிசாக இருக்கும், சாகிறவரை இவளைக் குடைவார்கள். என்னத்தா அப்படிப் பாக்குற என்றாள் பவுன்தாய். ஒண்ணுமில்ல மதினி, குமட்டுது என்று சொல்லிக் குடித்து முடித்தாள்.

சொல்லிவிட்டால் என்ன ஆகும். சொன்னால் நாளைக் காலை இல்லை. சொன்னால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. பெரிய டாக்டர் வேறு ஊருக்கு மாறிப் போகப் போகிறார் என்று வார்டில் பேச்சு; புதிதாக வருகிறவர் இந்த ஆபரேஷன் செய்கிறவரா, இல்லை முகத்தைச் சுளிக்கிறவரா, யார் கண்டது. கம்பெனியில் அரும்பாடுபட்டு வாங்கிய லீவு. இன்னொரு தடவை மதினி வருவாளா, வந்தாலும் அண்ணன் இன்னொரு தடவை தெரியாது என்று சொல்லுவானா. சொல்லாவிட்டால் நாளைக் காலை உண்டு. நாளைக்கு இதே நேரம் முடிந்திருக்கும். அந்த உடம்பு இருக்காது, அவன் திரும்பி வந்தாலும் உட்கார இடம் இருக்காது. செத்தாலும்தான் என்ன, பெண்ணாகத்தானே சாவேன் என்று மனம் ஒரு சுற்றுச் சுற்றி அங்கே போய் நின்றது, நின்று அதன் ருசியைப் பார்த்தது. எத்தனையோ பேர் இதைவிட மோசமான இடங்களில், மருந்தும் மயக்கமும் இல்லாமல் செத்திருக்கிறார்கள். அப்படிச் செத்தால் எரிக்கும்போது என்ன பேர் சொல்லுவார்கள், நீர்மாலை யார் எடுப்பார்கள், எனக்கு மொட்டை போட ஒருத்தரும் இல்லை, அப்பாவுக்கு மொட்டை போட என்னையும் கூப்பிடாமல் விலக்கினார்களே. ஆனால் அவள் சாக ஆசைப்பட்டு இங்கே வரவில்லை. அதுதான் அவளைத் தடுத்தது, வேறு நியாயம் எதுவும் இல்லை. இருபது வயதில் சாக ஆசைப்பட்டிருக்கிறாள், ரயில் தண்டவாளம்வரை போயிருக்கிறாள், அந்த ஆசையின் வாடை அவளுக்கு நன்றாகத் தெரியும். இங்கே வந்தது அதற்கு நேர் எதிரான ஆசையில். மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடுவதற்காகவா அத்தனை ஞாயிற்றுக்கிழமை ஊசி குத்திக்கொண்டாள். இல்லை, சொல்ல வேண்டாம், ஒன்றும் ஆகாது. சுகந்தி கல்லு மாதிரி இருக்கிறாள். சுகந்தியின் அப்பா எப்படிச் செத்தார், கேட்டதேயில்லை. கேட்டுப் பார்க்கலாமா, இப்போது போன் செய்து, உங்க அப்பா எப்படிடி செத்தார் என்று. சிரிப்பு வந்தது, சிரிப்போடு வயிறும் வந்தது, மறுபடி கழிப்பறைக்கு ஓடினாள். இந்தத் தடவை போனது வெறும் தண்ணீர், கண்ணாடி மாதிரி. சிஸ்டர் சொன்ன அடையாளம் அதுதான். குடல் சுத்தமாகிவிட்டது. உடம்பில் ஒளித்து வைக்க இனி ஒன்றும் மிச்சமில்லை, நாக்கில் இருக்கிற அந்த ஒன்றைத் தவிர.

மயக்க டாக்டரம்மா விளக்குப் போடுகிற நேரத்தில் வந்தார். சின்ன வயதுக்காரர், செருப்புச் சத்தமில்லாமல் நடந்தார், கட்டிலைச் சுற்றித் திரைச்சீலையை இழுத்துவிட்டார். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார், கழுத்தை அண்ணாந்து காட்டச் சொன்னார், கட்டின பல் இருக்கிறதா, ஆஸ்துமா உண்டா, முன்பு எதற்காவது மயக்க மருந்து கொடுத்திருக்கிறார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இல்ல, இல்ல, இல்ல. வீட்டில் யாருக்காவது ரத்தம் உறைகிற பிரச்சினை இருந்ததா என்று கேட்டார். திரைச்சீலைக்கு வெளியே நின்ற பவுன்தாய்தான், எங்க மாமனாருக்கு அப்படித்தான் டாக்டரம்மா, கால் ஒடிஞ்சு கெடந்தப்ப என்று சொன்னாள், சொல்லிவிட்டுத் திரைக்குள் தலையை நீட்டினாள். டாக்டரம்மா நிமிர்ந்தார். அப்ப இது முக்கியம், ஹார்மோன் மாத்திரையை நிறுத்தி எத்தனை நாளாச்சு என்றார். நாக்கு தயாராக இருந்தது. நிறுத்தியாச்சு என்கிற சொல் உதட்டுவரை வந்து நின்றதை மரகதம் உணர்ந்தாள், அது எவ்வளவு லேசாக வந்தது என்பதையும். மதினியின் முகம் திரைச்சீலையின் விளிம்பில் இருந்தது. அந்த முகத்தில் சந்தேகமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"நிறுத்தல டாக்டர். கொஞ்ச நாள் நிறுத்தினேன், முடியல. இன்னைக்குக் காலையிலகூடப் போட்டேன்."

சொன்ன பிறகு காது அடைத்துக்கொண்டது. டாக்டரம்மா திட்டுவார், பெரிய டாக்டரைக் கூப்பிடுவார், பொய் சொன்னவளுக்கு இனி இங்கே இடமில்லை என்பார்கள். அவர் திட்டவில்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். ஏன் முடியவில்லை என்று கேட்டார். யாரும் அவளிடம் கேட்டிராத கேள்வி அது, பதில் தயார் செய்யாத கேள்வி. மரகதத்துக்கு வாடையைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை, விடியலைப் பற்றி மதினியின் முன் சொல்ல முடியவில்லை. பழைய உடம்பு திரும்ப வந்துருது டாக்டர் என்று மட்டும் சொன்னாள், சொல்லும்போதே உடைந்து போனாள். டாக்டரம்மா பேனாவை மூடினார்.

"அதுக்கு ஊசி இருக்கும்மா. இந்த மாத்திரையை நிறுத்தியிருக்கிற நாள்ல ஆண் சுரப்பு தலைதூக்காம அடக்கி வைக்கிற ஊசி. உங்களுக்குப் போடலாமான்னு பாத்துத்தான் சொல்லணும், ஆனா கேட்டிருந்தா அப்பவே யோசிச்சிருப்போமே."

கேட்டிருந்தால். மரகதம் அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள், அது டாக்டரம்மாவின் வாயிலிருந்து விழுந்து கட்டில் விரிப்பின் மேல் கிடப்பது போல. ஊசி. அத்தனை விடியலுக்கும் ஒரு ஊசி. வாயில் துண்டை அடைத்துக்கொண்டு கிடந்த அந்தக் காலையில் எங்கோ ஒரு மருந்து அலமாரியில் அது இருந்திருக்கிறது. டாக்டரம்மா வெளியே போய்ப் பெரிய டாக்டருக்குப் போன் செய்தார், குரல் கேட்டது, வார்த்தை கேட்கவில்லை. திரும்பி வந்து, நாளைக்கு வேண்டாம் என்கிறார், உங்கள் குடும்பத்தில் அப்படி ஒன்று இருக்கும்போது கண்டிப்பாக வேண்டாம், ரத்தத்தை வேறு சோதித்துப் பார்க்க வேண்டும், அதன்பிறகு அடுத்த மாதமோ அதற்கடுத்த மாதமோ தேதி தருவார், தனக்கு இடமாறுதல் வருவதற்குள் முடிக்கத்தான் பார்ப்பார், ஆனால் நிச்சயம் சொல்ல முடியாது என்றார். இப்போது சாப்பிடலாம் என்றும் சொன்னார். அவர் போன பிறகு திரைச்சீலை ஆடிக்கொண்டிருந்தது. மரகதம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அழ உடம்பில் தண்ணீர் மிச்சமில்லை. உயிரைக் காப்பாற்றிக்கொண்டோம் என்று ஒரு நிம்மதி வர வேண்டுமல்லவா, வரவில்லை. காப்பாற்றியது இந்த உடம்பை. நாளைக்கும் இதே உடம்பு. நாளை மறுநாளும். அடுத்த மாதமோ அதற்கடுத்த மாதமோ. ஒரு சொல்லை விழுங்கியிருந்தால் விடிந்தவுடன் சக்கர நாற்காலி வந்திருக்கும். ஏன் சொன்னேன், ஏன் சொன்னேன் என்று தலையைத் தலையணையில் முட்டினாள்.

முதுகுக்குப் பின்னால் பவுன்தாய் பாயைச் சுருட்டினாள். மாமா கதைய எங்கிட்டத் திரும்பத் திரும்பக் கேட்டியே, அப்படியிருந்துமா என்று ஒரு தடவை கேட்டாள், கோபமாகத்தான் கேட்டாள். பிறகு அவள் கீழே போய்ப் பொட்டலத்தோடு வந்தாள், இட்லியும் சாம்பாரும். வந்தவள் பொட்டலத்தைப் பிரிக்காமல் போனை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டாள். அவளுக்குப் போனைக் காதில் வைத்துப் பேசத் தெரியாது, எப்போதும் கையில் பிடித்துச் சத்தமாகத்தான் பேசுவாள், அதனால் அண்ணன் குரல் வார்டில் கேட்டது, அவன் ஓட்டுகிற குட்டியானை லோடு வண்டியின் என்ஜின் சத்தத்தோடு. அவன் எடுத்ததும் பவுன்தாய் விஷயத்தைச் சொன்னாள்.

"தேதி மாறிருச்சு. ஒரு மாசம் ஆகும்போல. நான் இவளையும் கூட்டிட்டு வாரேன், அதுவரைக்கும் நம்ம வீட்டுல இருக்கட்டும். தனியா விட்டா இது மறுபடி மாத்திரையப் போட்டுக்கிரும்."

மரகதம் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். வேண்டாம் என்று கையை ஆட்டினாள். அந்தத் தெருவா. பஸ் ஸ்டாண்டிலிருந்து அந்தத் தெரு வழியாகவா, டீக்கடை, ரேஷன் கடை, பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவன்களின் வாசல், அப்பாவைத் தூக்கிக்கொண்டு போன அதே தெரு. ஊசி போடுவார்களோ, போட்டாலும் கேட்குமோ கேட்காதோ. எத்தனை நாளோ, அந்த வீட்டுக்குள், அண்ணன் முகத்துக்கு எதிரே. போனில் என்ஜின் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. அண்ணன் வைத்துவிட்டான் என்று நினைத்தாள். வைத்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள், வைத்துவிடக் கூடாது என்றும் வேண்டிக்கொண்டாள். என்ஜின் நின்றது.

"காலையில தக்காளி லோடு இருக்கு. மத்தியானத்துக்கு மேலதான் பஸ் ஸ்டாண்டுக்கு வர முடியும். அதுவரைக்கும் ரெண்டு பேரும் அங்கயே நிழல்ல உக்காந்திருங்க."

பவுன்தாய் சரி என்று போனை அணைத்தாள். அவள் முகத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை, பொட்டலத்தின் நூலைப் பல்லால் கடித்தாள். சாம்பார் வாசனை எழுந்ததும் மரகதத்தின் வயிறு, கழுவிக் காலியாகிக் கிடந்த வயிறு, வெட்கமில்லாமல் சத்தம் போட்டது. இட்லியைப் பிட்டு வாயில் வைத்தாள். தெரு நினைப்பில் வந்தது, லோடு இறக்கிவிட்டு அழுக்குச் சட்டையோடு அண்ணன் பஸ் ஸ்டாண்டில் நிற்பது வந்தது, அவன் தன்னை என்ன சொல்லிக் கூப்பிடுவான் என்று வந்தது, ஒன்றும் சொல்லிக் கூப்பிட மாட்டான் என்றும் வந்தது. நாலு இட்லியும் போன இடம் தெரியவில்லை.

"இன்னும் இருக்கா மதினி?" என்றாள்.

பவுன்தாய் தன் பங்கிலிருந்து இரண்டை எடுத்து இவள் இலையில் வைத்தாள்.